முகமூடிக்குப் பின்னால் ஒரு தெரு

மெக்சிகோ நகரத்தில் 1987-ஆம் ஆண்டு ஒரு முகமூடி மல்லர் வீதிக்கு வந்தார். உடம்போடு ஒட்டிய சிவப்பு உடை, முதுகில் தொங்கும் மஞ்சள் துணி, தலை முழுவதையும் மூடிய முகமூடி, நெஞ்சில் 'எஸ்.பி.' என்று இரண்டு எழுத்து. கொஞ்சம் தொப்பையும் உண்டு. சூப்பர்பாரியோ என்று பெயர் வைத்துக்கொண்டார். பாரியோ என்பது அங்கே எளிய ஜனங்கள் குடியிருக்கும் பேட்டை. அவர் திருடனைத் துரத்தவில்லை, வங்கிக் கொள்ளையைத் தடுக்கவில்லை. வாடகை வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தைச் சட்டி பானையோடு வெளியேற்றக் கோர்ட் அமீனா போலீஸ் துணையுடன் வரும்போது, அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தத் தெருவே நின்றது.

சாதாரண மனிதர்கள் வேடம் பூண்டு ஊருக்கு உதவக் கிளம்பும் வழக்கம் உலகின் பல மூலைகளில் இருக்கிறது. பத்திரிகைகள் இதைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்து வேடிக்கைச் செய்தியாகவே போடுகின்றன. இந்த வேடதாரிகள் உண்மையில் எதைச் சாதித்தார்கள், எங்கே தோற்றார்கள், எதனால் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. சட்டத்தை மீறுகிறவனைப் பிடிக்கப் போன முகமூடிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. சட்டப்படியே, முத்திரையும் கையெழுத்துமாக நடக்கிற ஒரு அநியாயத்துக்கு முன்னால் போய் நின்ற முகமூடிகள்தான் ஊரில் எதையாவது மாற்றிவிட்டுப் போயின. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம். ஆனாலும் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது என்பது என் முடிவு.

மெக்சிகோவில் இது எப்படி முளைத்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1985 செப்டம்பர் 19 காலை ஏழே கால் மணிவாக்கில் அந்த நகரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பல ஆயிரம் பேர் மாண்டார்கள். தையல் தொழிற்கூடங்கள் இடிந்து விழுந்து அங்கே வேலை செய்த பெண்கள் இடிபாட்டுக்குள் சிக்கினார்கள். அரசாங்கம் கைபிசைந்து நின்ற முதல் நாட்களில், வெறுங்கையோடு கான்கிரீட்டுக்குள் புகுந்து ஆட்களை மீட்டவர்கள் அக்கம்பக்கத்து இளைஞர்கள். 'தோப்போஸ்', அதாவது அகழெலிகள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. அந்தக் குழு பின்னாளில் பல நாடுகளின் பேரிடர்களுக்குப் போய் உதவும் மீட்புப் படையாக வளர்ந்தது. எளியவர்கள் தாங்களே களத்தில் இறங்கலாம் என்ற துணிவு அந்த இடிபாட்டில்தான் பிறந்தது.

வீட்டுப் பிரச்சினை நிலநடுக்கத்துக்கு முன்பே முற்றியிருந்தது. நகரத்தின் பழைய மையப்பகுதியில் 1940-களில் உறையவைக்கப்பட்ட வாடகையில் ஏராளமான குடும்பங்கள் இருந்தன. ஒரே முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், எல்லோருக்கும் பொதுவான குழாயடி என்று நம் ஒண்டுக்குடித்தன வீடுகளைப் போன்ற அமைப்பு. வாடகை ஏறாததால் உரிமையாளர்கள் மராமத்து பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டால் மனை நல்ல விலைக்குப் போகும். நிலநடுக்கம் அவர்களுக்கு ஒரு சாக்கு கொடுத்தது. இடிந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு அரசு புதுவீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஆனால் வீடு இடியாமல், வெறுமனே வெளியேற்றப்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்களும் வீடே இல்லாதவர்களும் சேர்ந்து 1987-இல் 'பேட்டைகளின் பேரவை' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். சூப்பர்பாரியோ அந்தப் பேரவையின் பிள்ளை.

ஏன் மல்லர் வேடம்? மெக்சிகோவில் முகமூடி மல்யுத்தம் என்பது உழைக்கும் மக்களின் வாராந்தரப் பொழுதுபோக்கு. கூரையில்லாத கொட்டகையிலும் நடக்கும், பெரிய அரங்கிலும் நடக்கும். நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன். கெட்டவன் விதியை மீறி அடிப்பான், நடுவர் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வார், ஜனங்கள் கத்தித் தீர்ப்பார்கள். அந்த ஊர்க்காரருக்கு நடுவரின் அந்தத் திரும்பல் எதைக் காட்டுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளி முகமூடி அணிந்த எல் சாந்தோ நாற்பது ஆண்டுகள் போல மேடையிலும், ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களிலும் முகத்தைக் காட்டாமல் வாழ்ந்தவர். 1984 பிப்ரவரியில் இறந்தபோது முகமூடியோடுதான் புதைக்கப்பட்டார். அவ்வளவு மரியாதை அந்தத் துணிக்கு. தோற்ற மல்லரின் முகமூடியைக் கழற்றுவதுதான் அந்த விளையாட்டில் ஆகப் பெரிய அவமானம். எனவே முகமூடி அணிந்த ஒருவர் மேல் பொதுவெளியில் கைவைப்பது என்பது அதிகாரிக்கும் சங்கடம், போலீசுக்கும் சங்கடம்.

பேரவை இதை நன்றாகவே கணக்குப் போட்டிருந்தது. அமீனா வரும் தகவல் கிடைத்ததும் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள், சூப்பர்பாரியோ தன் வண்டியில் வந்து இறங்குவார், பின்னாலேயே பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் வருவார்கள். ஒரு விதவை வெளியேற்றப்படுவது செய்தி ஆகாது. ஒரு மல்லர் அவள் வாசலில் கைகட்டி நிற்பது செய்தி. வீட்டுவசதி அதிகாரிகளோடு பேச்சுவார்த்தைக்கும் அவர் முகமூடியோடே போய் உட்கார்ந்தார். எதிரில் இருந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய அதிகாரி. அந்த மேசையைப் படம் எடுத்தால் யார் வேடம் போட்டிருக்கிறார் என்ற கேள்வி தானாக எழும். தெருமுனையில் மேடை போட்டுப் பேராசை பிடித்த வீட்டுக்காரராக ஒருவரை நிறுத்தி அவரோடு குஸ்தி போடுவதும் உண்டு. குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வாடகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்றால் அதுதான் அந்தக் குஸ்தியின் பயன்.

சூப்பர்பாரியோ யார் என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. பலர் மாறி மாறி அந்த உடையை அணிந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பேரவையின் தலைவர்களில் ஒருவரான மார்க்கோ ரஸ்கோனின் பெயர் அதோடு எப்போதும் சேர்ந்தே வரும். பிற்பாடு அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1996-இல் ஜனாதிபதியின் ஆண்டறிக்கை உரையின்போது பன்றி முகமூடி போட்டுக்கொண்டு சபைக்குள் நின்றவர் அவர்தான். ஆனால் அந்த உடைக்குள் எந்த ஒருவர் இருந்தார் என்று தேடுவது பயனற்ற வேலை என்றே தோன்றுகிறது. ஒருவரைச் சிறையில் போட்டாலும் மறுநாள் சூப்பர்பாரியோ வேறொரு தெருவில் நிற்பார். தலைவரை வாங்கிவிடலாம், மிரட்டிவிடலாம், முகமில்லாத ஒருவரை என்ன செய்வது? 1988 ஜனாதிபதித் தேர்தலில் அவர் அடையாள வேட்பாளராக நின்று, பின்பு எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் கோத்தேமோக் கார்தெனாசுக்கு வழிவிட்டார். ஒரு வேடதாரி எப்போது விலகிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருந்தது அந்த இயக்கத்தின் முதிர்ச்சி.

இந்த உத்தி மெக்சிகோவின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். அதற்குச் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள், இரண்டு கண்டங்களில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1839 மே மாதம் எவைல்வென் என்ற ஊரில் ஒரு சுங்கச்சாவடி இரவோடிரவாக உடைக்கப்பட்டது. உடைத்தவர்கள் பாவாடையும் முக்காடுமாகப் பெண் வேடமிட்ட ஆண் குடியானவர்கள். முகத்தில் கரி. தலைமை தாங்கியவருக்கு 'ரெபெக்கா' என்று பெயர், மற்றவர்கள் அவளுடைய 'மகள்கள்'. பைபிளின் ஆதியாகமத்தில் ரெபெக்காளின் சந்ததி பகைவரின் வாசல்களைச் சுதந்தரிக்கும் என்று வரும் வாழ்த்திலிருந்து பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பக்கத்து மண் புளிப்பு மண். சுண்ணாம்பு போட்டால்தான் விளையும். சூளையிலிருந்து வண்டியில் சுண்ணாம்பு கொண்டுவரும் வழியெல்லாம் தனியார் குத்தகைதாரர்கள் சாவடி போட்டு வசூலித்தார்கள். சில தடங்களில் சுண்ணாம்பின் விலையை விடச் சுங்கமே கூடுதல். எல்லாம் நாடாளுமன்றச் சட்டப்படி நடந்தது. மனு கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை.

அவர்கள் வெறுமனே கோடரியோடு பாய்ந்துவிடவில்லை. முதலில் ஒரு சிறு நாடகம். கண் தெரியாத கிழவியைப் போல ரெபெக்கா தடியூன்றி நடந்துவந்து சாவடிக் கதவில் முட்டிக்கொள்வாள். ஏதோ வழிமறிக்கிறதே பிள்ளைகளே என்பாள். உன் வழியில் எது நின்றாலும் நாங்கள் அகற்றுகிறோம் அம்மா என்று மகள்கள் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கோடரி. ஊர்க்கட்டை மீறியவனை வேடமிட்டுப் போய் அவமானப்படுத்தும் கிராமத்துப் பழக்கம் அங்கே முன்பே இருந்தது. அதையே அரசாங்கத்தின் பக்கம் திருப்பினார்கள். 1843-இல் கலகம் உச்சத்துக்குப் போனது, ஆணைக்குழு வந்து விசாரித்தது, 1844-இல் தெற்கு வேல்ஸின் சாலைகள் மாவட்ட வாரியங்களின் கீழ் வந்தன, சுண்ணாம்பு வண்டிக்கான சுங்கம் பாதியானது. அதே 1843-இல்தான் ஹெண்டி என்ற ஊரில் 75 வயதுச் சாவடிக் காவற்காரி ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? முகம் தெரியாத ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர். முகமூடியின் வலிமை எதுவோ அதுவே அதன் ஆபத்தும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் அதே 1839-இல் இன்னொரு போராட்டம் தொடங்கியது. வான் ரென்சலேர் என்ற ஜமீன் குடும்பத்திடம் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. குடியானவர் தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டித் திருத்திய நிலத்துக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கோதுமை, நாலு கொழுத்த கோழி, வண்டிமாட்டோடு ஒருநாள் இலவச உழைப்பு என்று வாரம் கட்ட வேண்டும். நிலம் ஒருநாளும் சொந்தமாகாது. சுதந்திரக் குடியரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் இப்படி ஒரு ஜமீன் இருந்தது இன்று பலருக்குத் தெரியாது. பழைய ஜமீன்தார் இறந்ததும் வாரிசுகள் நிலுவை முழுவதையும் வசூலிக்கக் கிளம்ப, குடியானவர்கள் பூப்போட்ட பருத்தி அங்கியும் சாயம் தீட்டிய ஆட்டுத்தோல் முகமூடியும் போட்டுக்கொண்டார்கள். ஷெரீப் ஜப்தி செய்ய வரும்போது, பெண்கள் சமையற்கட்டு வாசலில் தொங்கும் தகரக் கொம்பை எடுத்து ஊதுவார்கள். வயலில் இருப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட வைத்திருந்த கொம்பு அது. சத்தம் பண்ணைக்குப் பண்ணை தாவும். கொஞ்ச நேரத்தில் முகமூடிக் கூட்டம் குதிரைகளோடு வந்துவிடும். ஏலம் கேட்க ஆள் இருக்காது.

மாநில அரசு 1845-இல் முகத்தை மறைத்துக்கொண்டு கூடுவதையே குற்றமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆண்டிஸ் என்ற ஊரில் ஜப்தி ஏலத்தின்போது துணை ஷெரீப் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட, அடக்குமுறை கடுமையானது. ஆனாலும் 1846-இல் எழுதப்பட்ட புதிய மாநில அரசியல் சட்டம் இந்த வகைக் குத்தகை முறையை இனிமேல் ஏற்படுத்த முடியாதபடி செய்தது. வென்றவர்கள் முகமூடி மட்டும் போட்டவர்கள் அல்லர். பகலில் முகம் காட்டி மனு எழுதினார்கள், பொதுக்கூட்டம் போட்டார்கள், தங்கள் பக்கம் நிற்பவர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். இரவும் பகலும் சேர்ந்துதான் காரியம் ஆனது. வாரக் குடிகளுக்கு எதிராக எழுதப்பட்ட அந்த முகமூடித் தடைச் சட்டம் மட்டும் 175 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2011-இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் மேலும் அது பாய்ந்தது. கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டிவந்த பிறகுதான், 2020-இல், நீக்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்காவில் முகமூடி அணிந்த கூட்டம் என்றால் பெரும்பாலானோர் நினைவுக்கு வருவது கூ க்ளக்ஸ் க்ளான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொன்றும் எரித்தும் மிரட்டியும் திரிந்தவர்கள். அவர்களும் தங்களை ஊரின் காவலர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஜார்ஜியா மாநிலம் 1951-இல் முகமூடியைத் தடைசெய்தது இவர்களை நினைத்துத்தான். அப்படியானால் ரெபெக்காவையும் இவர்களையும் எதை வைத்துப் பிரிப்பது? துணிச்சலை வைத்துப் பிரிக்க முடியாது, சட்டத்தை மதிப்பதை வைத்தும் முடியாது. அந்த முகமூடி யாரைப் பார்த்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். தன்னைவிட வலுத்தவனின் கையிலிருந்து தப்ப முகத்தை மறைப்பது வேறு. வலுத்தவனே தன்னைவிட எளியவனைத் தண்டிக்க முகத்தை மறைத்துக்கொள்வது வேறு. ஒவ்வொரு வேடதாரியையும் இந்த உரைகல்லில் உரசித்தான் பார்க்க வேண்டும்.

இதே அமெரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பியது. 'நிஜ வாழ்க்கைச் சூப்பர் ஹீரோக்கள்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள், பகலில் ஏதோ ஒரு வேலை, இரவில் தாங்களே தைத்த உடையில் ரோந்து. 1979-இல் நியூயார்க் சுரங்க ரயில்களில் சிவப்புத் தொப்பியோடு காவல் சுற்றத் தொடங்கிய 'கார்டியன் ஏஞ்சல்ஸ்' இவர்களுக்கு ஒருவகையில் முன்னோடி. 2011-இல் எச்.பி.ஓ. இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் காட்டிய பிறகு உலகம் கவனித்தது.

இவர்களில் அதிகம் பேசப்பட்டவர் சியாட்டில் நகரத்தின் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ். கறுப்பும் பொன்னிறமுமாக உடை, உள்ளே குண்டு துளைக்காத கவசம். குடிவிடுதிகள் மூடும் நேரத்தில் தெருச்சண்டைகளை விலக்கிவிடுவது அவர் வேலை. 2011 அக்டோபரில் ஒரு நாள் பின்னிரவில் ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சண்டை என்று நினைத்து மிளகு ஸ்பிரே அடித்தார். கூட்டத்திலிருந்தவர்கள் நாங்கள் சண்டையே போடவில்லை என்றார்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது. பிறகு வழக்குப் பதியாமல் விட்டுவிட்டார்கள், ஆனால் கோர்ட்டில் முகமூடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவருடைய குழு 2014-இல் கலைந்தது. அவர் கோழை அல்லர், நல்லெண்ணம் இல்லாதவரும் அல்லர். ஆனால் அந்த இருட்டில் யார் அடிக்கிறான், யார் அடிவாங்குகிறான் என்று ஒரே நொடியில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தனியாளாகத் தலையில் போட்டுக்கொண்டார். அதற்காகவே பயிற்சி பெற்ற போலீசே அடிக்கடி தவறும் இடம் அது. அவருக்குப் பின்னால் தெரு இல்லை, கேமராதான் இருந்தது.

காமிக்ஸ் கற்றுத்தந்த உலகத்தில் தீமைக்கு ஒரு முகம் இருக்கும், அதைக் குத்தினால் விழும். நிஜ ஊரில் ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு காகிதம். காகிதத்தைக் குத்த முடியாது. அமெரிக்காவின் வேடதாரிகளிலும் நிலைத்து நின்றவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள்தாம். போர்ட்லாந்திலும் நியூயார்க்கிலும் சிலர் ரோந்தைக் குறைத்துக்கொண்டு, வீடற்றவர்களுக்குத் தண்ணீர், காலுறை, சாப்பாடு கொண்டுபோனார்கள். நடைபாதையில் படுத்திருப்பவர் அருகில் ஒரு முகமூடிக்காரர் குந்தி உட்கார்ந்து காலுறை கொடுக்கும் காட்சியில் வீரம் குறைவுதான். எனக்கு அதுதான் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

ஜப்பானில் இந்த வழக்கம் இன்னும் அடக்கமான உருவம் எடுத்தது. 2010 கிறிஸ்துமஸ் அன்று குன்மா மாநிலத்தின் மயேபாஷி நகரில் உள்ள குழந்தைகள் நல மையத்தின் வாசலில் பத்துப் புதிய பள்ளிப் பைகள் இருந்தன. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் கெட்டித் தோல் பை விலை அதிகம். பெற்றோர் இல்லாத பிள்ளை மலிவுப் பையோடு போனால் வகுப்பில் தனித்துத் தெரியும். பைகளோடு இருந்த கடிதத்தில் நவோத்தோ தாதே என்ற பெயர். 1960-களின் இறுதியில் வந்த 'டைகர் மாஸ்க்' என்ற மல்யுத்த மங்காக் கதையின் நாயகன் அவன். அநாதை இல்லத்தில் வளர்ந்து, புலி முகமூடியில் சம்பாதித்ததை அந்த இல்லத்துக்கே கொடுப்பவன். சில வாரங்களில் நாடு முழுவதும் அதே பெயரில் பைகளும் பொம்மைகளும் அரிசியும் இல்லங்களின் வாசலில் வந்து சேர்ந்தன. இங்கே யாரும் முகமூடியைத் துணியால்கூடச் செய்யவில்லை, ஒரு கதாபாத்திரத்தின் பெயரே போதுமானதாக இருந்தது.

டோக்கியோவின் ஹோனன்சோ சுரங்க ரயில் நிலையத்தில் 2013 வாக்கில் நின்ற பச்சை உடை இளைஞரையும் சொல்ல வேண்டும். அங்கே அப்போது லிஃப்ட் இல்லை, நகரும் படிக்கட்டும் இல்லை. தொலைக்காட்சியில் வரும் ரேஞ்சர் வீரர்களைப்போல் பச்சை உடையும் முகமூடியும் அணிந்து படிக்கட்டில் நின்று, குழந்தை வண்டியோடு வரும் தாய்மார்களுக்கும் மூட்டையோடு வரும் முதியவர்களுக்கும் தூக்கிக் கொடுத்தார். பகலில் காய்கறிக் கடை ஊழியர். முன்பின் தெரியாதவரிடம் உதவி வாங்கவும் கூசுகிற, உதவ முன்வரவும் கூசுகிற சமூகத்தில் அந்த உடை இருபக்கத்துக் கூச்சத்தையும் எடுத்துவிட்டது. அதோடு, லிஃப்ட் வைக்காத ஒரு நிலையத்தின் குறையை ஒவ்வொரு பயணிக்கும் கண்ணெதிரே காட்டிக்கொண்டே இருந்தது.

இதே கூச்சத்தை நம் பக்கத்து மரபு வெகுகாலமாகவே அறிந்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து காளி, அனுமன், குரங்கு, குறவன், போலீஸ் என்று வேசம் கட்டி, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரிக்கிறார்கள். வேசம் கட்டியவர்களில் கொத்தனாரும் உண்டு, கல்லூரி மாணவரும் உண்டு, வசதியானவரும் உண்டு. வீட்டு வாசலில் காளி வந்து நின்றால் உள்ளே இருப்பவர் முதலில் கும்பிடுவார், பிறகு காசு போடுவார். அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போகிறது.

கர்நாடகத்தின் உடுப்பியில் கிருஷ்ண ஜெயந்தி நாளிலும் புலி வேடமும் பிற வேடங்களும் போட்டு வசூலிக்கும் பழக்கம் உண்டு. அந்த ஊரை அடுத்த கட்டபாடியைச் சேர்ந்த ரவி என்ற கட்டடத் தொழிலாளி இந்தப் பழக்கத்தை எடுத்து வேறு திசையில் திருப்பினார். ஹாலிவுட் படங்களில் வருகிற விநோத உருவங்களைப்போல் உடம்பு முழுக்கப் பூசியும் ஒட்டியும், விழா நாட்கள் முழுவதும் அந்த வேடத்தோடே தெருத்தெருவாகச் சுற்றி, வசூலான அவ்வளவையும் ஏழைக் குழந்தைகளின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்தார். ரவி கட்டபாடி என்ற பெயர் இன்று நாடறிந்தது. வேடத்துக்கு உண்டியல் நீட்டும் உரிமையை மரபு கொடுத்தது, அந்த உண்டியல் யாருக்கு என்பதை அவர் முடிவு செய்தார். குலசேகரன்பட்டினத்தின் தசராக் குழுக்களில் ஒரு குழு தன் காணிக்கையில் ஒரு பங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ டயாலிசிஸ் நோயாளிக்கோ ஒதுக்கினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

ஆனால் உடுப்பியிலும் கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு பிள்ளையின் அறுவை சிகிச்சை ஒரு தொழிலாளி எவ்வளவு நேரம் தோல் எரியச் சாயத்தைத் தாங்குகிறார் என்பதைப் பொறுத்திருக்கலாமா? மெக்சிகோ வேடம் அதிகாரியிடம் கோரிக்கை வைத்தது. உடுப்பி வேடம் பக்தரிடம் நன்கொடை கேட்கிறது. முன்னது மெதுவாகப் பலன் தரும், பலருக்குத் தரும். பின்னது உடனே பலன் தரும், சிலருக்குத் தரும். நோயாளிப் பிள்ளையின் தாயிடம் போய் முன்னதுதான் உயர்ந்தது என்று வாதிட எனக்கு மனம் வரவில்லை.

அரசாங்கமே வேடம் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் சென்னையில் ஒரு காவல் ஆய்வாளர் வைரஸ் வடிவத் தலைக்கவசம் அணிந்து இருசக்கர வண்டிக்காரர்களை வழிமறித்தார். உடைந்த ஹெல்மெட்டும் காகிதமும் கொண்டு உள்ளூர்க் கலைஞர் ஒருவர் செய்துகொடுத்தது அது. பல ஊர்களில் லத்தி பேசிய அதே வாரத்தில் அந்தத் தலைக்கவசம் பேசியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வழியை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் கொலம்பியாவின் போகோட்டா நகர மேயர் அந்தனாஸ் மோக்குஸ். கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியர். 1995-இல் பதவிக்கு வந்தவர் தானே சூப்பர்மேன் பாணி உடையில் 'சூப்பர் குடிமகன்' ஆகத் தெருவுக்கு வந்தார். போக்குவரத்தைச் சீர்படுத்த நூற்றுக்கணக்கான மௌன நடிகர்களைச் சந்திப்புகளில் நிறுத்தினார். வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்கும் காரைப் பார்த்து அவர்கள் தலையில் கைவைத்து அழுவதாக நடிப்பார்கள், நடைபாதையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், ஓட்டுநர் பின்னால் எடுப்பார். அபராதத்தைவிடப் பக்கத்தில் இருப்பவரின் சிரிப்புக்கு மனிதன் அஞ்சுவான் என்பது அவர் கணக்கு. அடுத்த பத்தாண்டுக்குள் அந்த நகரத்தின் சாலை மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மதுக்கடை நேரக் கட்டுப்பாடு, சாலைச் சீரமைப்பு என்று வேறு பல நடவடிக்கைகளும் கூடவே இருந்தன என்பதால் முழுப் பெருமையையும் நடிகர்களுக்கே கொடுக்க முடியாது. இங்கே என் தொடக்க வாதத்துக்கு ஒரு விதிவிலக்கு கிடைக்கிறது. இவர்கள் எதிர்கொண்டது சட்டமீறலைத்தான். ஆனால் யாரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை, தண்டனையை ஊரிடமே விட்டுவிட்டார்கள். மெக்சிகோ நகரத்தில் 2012 முதல் மல்லர் முகமூடியோடு வரிக்குதிரைக் கோட்டில் நின்று, தாண்டி நிற்கும் கார்களைக் கையால் பின்னுக்குத் தள்ளும் 'பெயட்டோனித்தோ' சூப்பர்பாரியோவுக்கும் மோக்குஸுக்கும் ஒருசேர வாரிசு.

போகோட்டாவைப் பார்த்து பொலிவியாவின் லா பாஸ் நகராட்சி 2001-இல் வரிக்குதிரைகளைக் களமிறக்கியது. 24 பேரோடு தொடங்கியது. வரிக்குதிரை உடைக்குள் இருக்கும் இளையோர் சாலை கடப்பவர்களோடு ஆடிப்பாடி, ஓட்டுநரைக் கும்பிட்டு நிறுத்தி, முதியவரைக் கைபிடித்து அழைத்துப் போவார்கள். வறுமையிலிருந்தும் வீதியிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு முன்னுரிமை. பயிற்சியும் சிறு உதவித்தொகையும் உண்டு. ஒரு வேடம் தனிமனிதரின் தியாகமாக நின்றுவிடாமல் நகராட்சியின் செலவுக் கணக்கில் ஏறிய அரிய உதாரணம் இது. இந்த வரிசையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் நீடித்து நிற்பதற்கான அமைப்பு இதற்குத்தான் இருக்கிறது.

அதே லா பாஸ் வீதிகளில் இன்னொரு முகமூடியும் உண்டு. காலணி துடைக்கும் தொழிலாளர்கள் கண் மட்டும் தெரியும் கம்பளிக் குல்லாயை முகம் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். இந்தத் தொழில் செய்வது பள்ளிக்கூடத்தில், அக்கம்பக்கத்தில், சில சமயம் சொந்த வீட்டிலேயே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்களும் தங்களுக்கென்று 'ஒர்மிகோன் அர்மாதோ' என்ற பத்திரிகை நடத்தி, துடைக்கும் பெட்டியோடு அதையும் எடுத்துப்போய் விற்கிறார்கள். அதில் வருகிற கோரிக்கைகள் எளியவை: அவமதிப்பில்லாமல் வேலை செய்ய வேண்டும், நோய்வாய்ப்பட்டால் பார்க்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். வரிக்குதிரைக்கு உதவித்தொகை கொடுக்க முடிந்த நகராட்சியிடம் அவர்கள் கேட்பதும் அதே கணக்கில் இன்னொரு வரிதான்.